ஊரில் பாம்பு கூடிவிட்டது

மார்ச் 3

நகராட்சி மன்றத்தில் எங்களுக்குக் குழுக்களைப் பங்கு போட்டாயிற்று. சாலைக் குழு கிடைத்தவர்கள் சிரித்துக்கொண்டே போனார்கள். சந்தைக் குழுவும் தெருவிளக்குக் குழுவும் நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள் தீர்ந்துவிட்டன. மிச்சம் இருந்தது எனக்கு வந்தது: ‘பணியாளர் நடைமுறைகள் மற்றும் அவசர அழைப்பு அமைப்பு மேற்பார்வைக் குழு’. இதைப் பலகையில் எழுதி மாட்டினால் என் மூக்குக்கண்ணாடிக் கடையின் முகப்பு முழுக்க அதற்கே போய்விடும்.

மொத்தம் மூன்று பேர். குழுத் தலைவர் அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். எந்தப் பேச்சையும் “என் சர்வீஸ்ல” என்றுதான் ஆரம்பிப்பார், அதனால் எல்லோருக்கும் அவர் சர்வீஸ் ஐயா. அடுத்தவர் பல் டாக்டர். மூன்றாவது ஆள் நான்.

மனைவிக்குச் சந்தோஷம். “நம்ம தம்பி இருக்கிற இடமாச்சே!” அவள் தம்பிதான் அவசர அழைப்பு அறையின் கண்காணிப்பாளர். மைத்துனன் இருக்கிற பிரிவை நான் மேற்பார்வை பார்க்கலாமா என்று ஐயாவிடம் கேட்டேன். “அப்படிப் பார்த்தா இந்த ஊர்ல யாரும் எதையும் பார்க்க முடியாது” என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மார்ச் 7

முதல் கூட்டம். முதல் பொருள்: பாம்பு.

அவசர எண்ணுக்கு வரும் அழைப்புகள் போன வருடத்தைவிட நிறையக் கூடியிருக்கின்றன. நெஞ்சுவலி அதே அளவு, தீ அதே அளவு, விபத்து கொஞ்சம் குறைவு. கூடியது முழுக்கப் பாம்புதான். பாம்பு புகுந்தது, பாம்பைக் கண்டது, பாம்பு என்று சந்தேகம்.

முழு மன்றத்துக்கும் விஷயம் போயிற்று. ஒரு உறுப்பினர் புதுச் சாலை போட்டதால் புற்றெல்லாம் கலைந்துவிட்டது என்றார். சாலைக் குழுக்காரர்களுக்குக் கோபம் வந்தது. இன்னொருவர் வெயில் என்றார். மூன்றாமவர் இந்தக் காலத்துப் பிள்ளைகள் என்று ஆரம்பித்தார், ஆனால் பாம்புக்கு எப்படி வந்து சேருவது என்று தெரியாமல் பாதியில் உட்கார்ந்துவிட்டார். கடைசியில் பாம்பு பிடிக்கும் கம்பு வாங்குவது என்று ஏகமனதாக முடிவாயிற்று. தன் வார்டுக்குக் கூடுதல் கம்பு வேண்டும் என்று ஒருவர் சண்டை பிடித்து வாங்கினார்.

“உங்கள்ல யாராவது பாம்பைப் பார்த்தீங்களா?” என்று கேட்டேன். யாரும் பார்க்கவில்லை. பார்த்தவர்களைத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள்.

மனைவியிடம் சொன்னபோது அவள் துணி மடிப்பதை நிறுத்தவே இல்லை. “நம்ம தெருவுல எலியே கிடையாது. இத்தனை பாம்பும் எதைத் தின்னுட்டு உயிரோட இருக்குதாம்?” மன்றத்தில் இவள் உட்கார்ந்திருக்க வேண்டியது. ஆனால் கடையை யார் பார்ப்பது?

மார்ச் 11

பாம்பு பயத்தால் பூங்காவை மூடிவிட்டார்கள். நடைப்பயிற்சிக்காரர்கள் சாலையில் நடக்கிறார்கள். ஒருவரை ஸ்கூட்டர் இடித்துவிட்டது.

மார்ச் 15

மைத்துனனுக்குப் பாராட்டுச் சான்றிதழ். மிக அதிக அழைப்புகளைக் கையாண்ட அறையாம். நேராக எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து அக்காவிடம் கொடுத்தான். அவள் அதை எங்கள் கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தாள். கல்யாணப் படம் கொஞ்சம் நகர வேண்டியிருந்தது.

சாப்பிடும்போது தன் சாதனையை விளக்கினான். அறையின் சுவரில் ஒரு மின்பலகை மாட்டியிருக்கிறான். ஒவ்வொரு இருக்கைக்கும் ஒரு விளக்கு. பேசிக்கொண்டிருந்தால் பச்சை, அழைப்புக்குக் காத்திருந்தால் மஞ்சள், இருக்கையை விட்டு எழுந்தால் சிவப்பு. சிவப்பு கூடினால் கூப்பிட்டுப் பேசுவான். மறுபடியும் கூடினால் மெமோ.

“முன்னெல்லாம் டீ குடிக்கப் போனா போனதுதான் அத்தான். இப்ப வந்து பாருங்க. எல்லாம் பச்சை.”

“சாப்பாட்டுக்கு எப்ப போவாங்க, மாப்பிள்ளை?”

“மாத்தி உக்கார ஆள் இருந்தா போகலாம்.”

“ஆள் இருக்கா?”

“ஆறு சீட் அத்தான். தாராளமா இருக்கு.” இன்னொரு கரண்டி சோறு வாங்கிக்கொண்டான். நல்ல பையன்தான். தான் செய்வதை நம்பித்தான் செய்கிறான். அதுதான் எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கிறது.

மார்ச் 19

கடைக்கு ஒரு பெண் வந்தாள். பேருந்து நிலையத்தில் டிக்கெட் கவுண்டரில் உட்காருபவள். தெரிந்த முகம்தான், ஆனால் கம்பிக்குப் பின்னால் பார்த்தே பழக்கமாகிவிட்டதால் சட்டென்று பிடிபடவில்லை. கண்ணாடி பார்க்க வந்திருக்கிறாள் என்று நினைத்து உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

போன மாதம் அவள் விடுப்பில் இருந்த ஒரு மதியம், அப்பா குளியலறை வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்திருக்கிறார். அவசர எண்ணுக்குப் போட்டாள். பிஸி. திரும்பப் போட்டாள். பிஸி. பக்கத்து வீட்டுப் போனிலிருந்து போட்டாள். அதுவும் பிஸி. அதன் பிறகுதான் கிடைத்தது. வண்டி வந்தது. அப்பா ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் போய்விட்டார்.

“சீக்கிரம் கொண்டுவந்திருந்தா பிழைச்சிருக்கலாம்னு டாக்டர் சொன்னார். பிழைக்காமலும் போயிருக்கலாம்னும் சொன்னார். அந்த ரெண்டு ‘கலாம்’முக்கும் நடுவுல கிடக்கேன் சார்.”

என்ன வேண்டும் என்று கேட்டேன். நஷ்டஈடா, நடவடிக்கையா? குழு உறுப்பினர் கேட்கிற கேள்வி.

“ஒண்ணும் வேணாம். போனை எடுத்தவங்க மேல எனக்கு ஒரு குறையும் இல்ல. வண்டி வந்து அப்பாவைத் தூக்குற வரைக்கும் லைன்லயே இருந்தாங்க. அதுக்கு முன்னாடி ஏன் பிஸியா இருந்துச்சு? அது மட்டும் எனக்குத் தெரியணும்.”

நான் விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். மன்றத்துக்கு வந்ததிலிருந்து இந்த வாக்கியத்தை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். இன்றைக்குத்தான் முதல் தடவையாகத் தேதியையும் நேரத்தையும் கேட்டு எழுதிக்கொண்டேன்.

மார்ச் 21

குழுவில் சொன்னேன். “டெக்னிக்கலா இருக்கும்” என்றார் பல் டாக்டர். “ஆணையருக்கு அனுப்பிவிடலாம், என் சர்வீஸ்ல...” என்றார் ஐயா. அனுப்பிவிட்டார்கள். பிறகு பாம்புக் கம்புகளின் நீளம் பற்றிப் பேசினோம்.

மார்ச் 24

மைத்துனன் ஒரு வகுப்புக்காக வெளியூர் போயிருக்கிறான். அறையைப் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தேன். “தாராளமா போங்க அத்தான், உங்க அறை மாதிரி” என்றிருந்தான். போனேன்.

சின்ன அறை. ஜன்னல் இல்லை. ஆறு மேசைகள், நான்கு பேர். மீதி இரண்டு நாற்காலிகளிலும் கடையிலிருந்து வந்தபோது சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படவில்லை. “இவங்க ரெண்டு பேரும் லீவா?” என்று கேட்டேன். ஒருவருக்கொருவர் பார்த்துக்கொண்டார்கள். “பேர் தெரியும் சார். ஆளைப் பார்த்ததில்ல” என்றான் ஓர் இளைஞன்.

நால்வரில் மூத்தவரை எல்லோரும் பெரியக்கா என்று கூப்பிடுகிறார்கள். காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, முழங்காலுக்குச் சால்வை போர்த்தி, யாருக்கோ மூச்சு விடச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். “இன்னும் ஒரு தடவை இழுங்க. அவ்வளவுதான். நல்லாப் பண்றீங்க.” கேட்டுக்கொண்டிருந்த நானும் இழுத்துவிட்டேன்.

அந்த அழைப்பு முடிந்தது. பெரியக்கா எழவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து தன் கைபேசியை எடுத்து ஓர் எண்ணை அழுத்தினார். அவருடைய மேசையிலேயே மணி அடித்தது. எடுத்தார். திரையில் எதையோ தட்டினார். ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தார். “பாம்பு” என்றார், பொதுவாக. மற்ற மூவரும் தலையை ஆட்டினார்கள். கைபேசியையும் சாப்பாட்டு டப்பாவையும் எடுத்துக்கொண்டு பின்னாலிருந்த சிறிய அறைக்குப் போய்விட்டார்.

பலகையில் அவர் விளக்கு பச்சையாக எரிந்தது.

ஹெட்போனை எடுத்துக் காதில் வைத்தேன். ஊரின் அவசர எண். அந்தப் பக்கம் குளிர்பதனப் பெட்டி ஒன்று உறுமியது. டப்பா மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு யாரோ மெல்லும் சத்தம்.

திரையில், அழைப்பின் வகை: பாம்பு.

அவர் திரும்பி வந்தபோது நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பயப்படவில்லை. கொஞ்சம் அலுப்பாகத்தான் பார்த்தார். “எனக்குச் சர்க்கரை சார். மாத்திரை போட்டுட்டுச் சாப்பிடலைன்னா கை நடுங்கும். சிவப்பு விழுந்தா மெமோ. ரெண்டு மெமோ வாங்கிட்டேன். அதனால பச்சை போட்டுட்டுப் போறோம்.”

“ஏன் பாம்பு?”

“ஏதாவது ஒரு வகை போட்டாத்தான் லைன் நிக்கும். தீன்னு போட்டா தீயணைப்பு வண்டி கிளம்பிடும். நெஞ்சுவலின்னு போட்டா ஆம்புலன்ஸ் கிளம்பிடும். பாம்புக்கு மட்டும் வண்டி கிடையாது சார். வனத்துறைக்கு நாங்கதான் தனியா போன் பண்ணணும். அதனால எல்லாரும் பாம்புதான்.” கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “ஒரே நேரத்துல ஒருத்தர்தான் போகலாம். அதுல கண்டிப்பா இருப்போம்.”

இவர்கள் ஒன்றுக்குப் போனதற்கு நாங்கள் பூங்காவை மூடியிருக்கிறோம்.

மார்ச் 25

மனைவியிடம் சொன்னேன். பாம்பு என்றதும் சிரிக்க ஆரம்பித்தவள், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். கம்புகளை நினைத்து இன்னொரு முறை சிரித்தாள். பிறகு சான்றிதழைப் பார்த்தாள்.

“தம்பிக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“நீங்க சொல்லப் போறீங்களா?”

படுத்துவிட்டேன். அவள் விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

மார்ச் 28

சொல்லிவிட்டேன். வேறு வழியில்லை, அந்தப் பெண்ணின் அழைப்பு வந்த நேரத்தில் என்ன நடந்தது என்று அவனைத்தான் கேட்க வேண்டும். மைத்துனன் முதலில் சிரித்தான். பிறகு கணினியில் தேட ஆரம்பித்தான். தேடத் தேட முகம் சுருங்கிப்போயிற்று.

அன்றைக்கு அந்த நேரத்தில் ஒரு லாரி மின்கம்பத்தில் மோதியிருக்கிறது. பார்த்தவர்கள் எல்லோரும் போன் போட்டிருக்கிறார்கள். மூன்று இருக்கைகளில் அந்த லாரி. நான்காவதில் பாம்பு. நான்கும் நிறைந்தால் ஐந்தாவது ஆளுக்கு பிஸி.

பாம்பு பெரியக்காவுடையது.

அது துண்டிக்கப்பட்டு, அடுத்த நொடி அதே இருக்கைக்கு வந்ததுதான் கவுண்டர் பெண்ணின் அழைப்பு. வண்டி வரும்வரை லைனில் இருந்தவரும் பெரியக்காதான். பதிவைப் போட்டுக் கேட்டோம். “பதறாதீங்கம்மா, நான் எங்கயும் போகல, இங்கதான் இருக்கேன்” என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார். மைத்துனன் பாதியிலேயே நிறுத்தினான்.

நான் ஏன் இந்தக் குழுவுக்கு வந்தேன்? டீ குடிக்கப் போகாமல் இருந்திருக்கலாம்.

ஏப்ரல் 1

பெரியக்கா தற்காலிகப் பணிநீக்கம். ஆணையரின் குறிப்பு: ‘ஒரு தனிநபரின் ஒழுங்கீனம்.’ நிரந்தரமாக நீக்குவதா என்பதை எங்கள் குழு முடிவு செய்ய வேண்டும். அவர் மேல் புகாரை மைத்துனன்தான் எழுதிக்கொடுத்திருக்கிறான்.

போன் போட்டேன். “எல்லாரும்தானே பண்றாங்க மாப்பிள்ளை, அவங்களை மட்டும் எப்படி?”

“அத்தான், யாராவது ஒருத்தர் மேல போடலைன்னா என் மேல வந்துடும். எனக்கும் பிள்ளைங்க இருக்கு.” குரல் உடைந்திருந்தது. வைத்துவிட்டான்.

இன்று ஒருவரை ஒருவர் முட்டாளாக்கிக்கொள்ளும் தேதி. எனக்கு யாரும் எதுவும் செய்யவில்லை. தேவைப்படவில்லை.

ஏப்ரல் 4

பெரியக்கா கடைக்கு வந்தார். கண்ணாடியின் காது தளர்ந்துவிட்டதாம், முறுக்கித் தரச் சொன்னார். முறுக்கிக்கொடுத்தேன். போட்டுப் பார்த்தார். சரியாக இருந்தது. ஆனாலும் போகவில்லை.

“லைன்ல அழுதுச்சே ஒரு பொண்ணு, அப்பா அப்பான்னு... அதுதானா சார்?”

“ஆமாம்.”

“அவர் இருக்காரா?”

இவருக்கு யாருமே சொல்லவில்லை. குற்றச்சாட்டில் தேதியும் நேரமும் இருக்கை எண்ணும் எழுதியிருக்கிறார்கள். ஒரு மனுஷன் செத்துப்போனதை எழுதவில்லை. நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன்.

கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டினார். மறுபடியும் கழற்றினார். “வண்டியில ஏத்தினப்ப மூச்சு இருந்துச்சு சார். நான் கேட்டேன். அதனால பிழைச்சுட்டார்னு நினைச்சுட்டேன்” என்றார். பிறகு முறுக்கியதற்கு எவ்வளவு என்று கேட்டார். நான் கையை ஆட்டினேன்.

ஏப்ரல் 9

அந்த இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் யாருடையவை என்று அறையில் விசாரித்தேன். ஒருவர் நகராட்சித் தலைவருடைய வீட்டுக் காரை ஓட்டுகிறார். இன்னொரு பெண் ‘ஏதோ கிளினிக்குல டோக்கன் குடுக்குதாம்’. என் நாக்கு தானாகக் கடைவாய்ப் பல் பிடுங்கிய இடத்துக்குப் போயிற்று. அன்றைக்கு எனக்கு டோக்கன் கொடுத்த பெண்! நல்ல சுறுசுறுப்பு, டாக்டர் வீட்டுப் பெண் என்று நினைத்திருந்தேன்.

சம்பளம் அவசர அழைப்பில், வேலை பல் டாக்டரிடம். டாக்டர் எங்கள் குழுவில். குழுவின் வேலை, பணியாளர்களை ஒழுங்காக வைத்திருக்கிறார்களா என்று பார்ப்பது.

அந்த மதியம் ஐந்தாவது நாற்காலியில் ஓர் ஆள் இருந்திருந்தால் அந்தப் பெண்ணுக்கு முதல் தடவையிலேயே கிடைத்திருக்கும். பெரியக்காவும் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பார்.

ஏப்ரல் 12

வீட்டில் சண்டை.

“ஊர்ல வேற குழுவே இல்லையா உங்களுக்கு? அவன் பொண்டாட்டி போன் போட்டு அழறா. சோறு இறங்க மாட்டேங்குதாம் அவனுக்கு. நீங்க கேள்வி கேட்கக் கேட்க அவன் தலையிலதான் விடியுது. என் தம்பிங்க அவன்!”

அந்தப் பெண்ணுக்கும் அப்பாதானே என்றேன்.

“அதுக்கு என் தம்பி என்ன பண்ணுவான்? அவனா லாரியைக் கொண்டுபோய் மோதினான்?”

அவன் மோதவில்லை. சரிதான். யாருமே எதுவும் பண்ணவில்லை. டாக்டர் ஓர் ஆளைக் கடன் வாங்கினார், தலைவர் ஓர் ஆளைக் கடன் வாங்கினார், இவன் ஒரு பலகையை மாட்டினான், அந்த அம்மா ஒரு வாய் சாப்பிடப் போனார். எல்லாருமே நல்லவங்கதான். அப்ப அந்த ஆள் எப்படிச் செத்தார்? சொல்லு, எப்படிச் செத்தார்? கத்திவிட்டேன். அவளிடம் நான் இப்படிக் கத்தியதில்லை. ச்சே.

சான்றிதழை எடுத்து பீரோவுக்குள் வைத்துவிட்டாள். கல்யாணப் படத்தை யாரும் பழைய இடத்துக்கு நகர்த்தவில்லை.

ஏப்ரல் 16

நகராட்சித் தலைவர் கூப்பிட்டனுப்பினார். ஏலக்காய் போட்ட டீ. சாலைக் குழுவில் ஓர் இடம் காலியாகப் போகிறதாம், என்னைப்போன்ற துடிப்பானவர்கள் வர வேண்டுமாம். எப்போது என்று கேட்டேன். இருபத்திரண்டாம் தேதிக்கு முன்னால் என்றார். எங்கள் குழு ஓட்டுப் போடுவது இருபத்திரண்டாம் தேதி.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். வெளியே அவர் கார் நின்றிருந்தது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தவருக்கு வணக்கம் வைத்தேன். “உங்க நாற்காலி நல்லா இருக்குங்க, ஒரு கீறல்கூட இல்ல” என்றேன். அவருக்குப் புரியவில்லை.

ஏப்ரல் 20

சாலைக் குழு வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தேன். மனைவியிடம் சொன்னேன். “எனக்குத் தெரியும்” என்று மட்டும் சொன்னாள். கோபமா இல்லையா என்று பிடிபடவில்லை. ஆனால் சட்டையைத் தேய்த்துவைத்திருக்கிறாள்.

ஏப்ரல் 22

குழு கூடியது. பல் டாக்டர் வரவில்லை, அவசர சிகிச்சையாம். இரண்டே பேர் என்பதால் இழுபறி என்றால் ஐயா சொல்வதுதான் முடிவு. ஐயா முடிவோடுதான் வந்திருந்தார்.

“இருக்கையில இருக்கிறதுதான் வேலை. என் சர்வீஸ்ல நான் எழுந்திரிச்சதே கிடையாது.”

“மாத்திவிட ஆள் இல்லாம உக்கார முடியாதுங்க ஐயா. மனுஷங்கதானே?”

“ஏன் முடியாது? ஒரு ஷிப்ட் நான் உக்காந்து காட்டட்டுமா?”

சத்தியமாக இது என் யோசனை இல்லை. வீம்புக்கு அவரே எழுந்து நடந்தார். கூட்டத்தை ஒத்திவைத்து நானும் பின்னால் போனேன்.

பிளாஸ்டிக் உறை போட்ட நாற்காலியிலேயே உட்கார்ந்தார். அழைப்புகள் அவருக்குப் போகாது, பலகையில் விளக்கு மட்டும் எரியும்படி செய்து கொடுத்தார்கள். மஞ்சள். ஐயா நெஞ்சை நிமிர்த்தி, கைகட்டி, பலகையைப் பார்த்தபடி இருந்தார். பிளாஸ்டிக்கில் வேர்க்கும் போலிருக்கிறது, அடிக்கடி நகர்ந்து உட்கார்ந்தார். யாரோ கொடுத்த டீயை முழுதாகக் குடித்தார். அதுதான் தப்பு. ஐயாவின் வயதில் அது தெரிந்திருக்க வேண்டும்.

கொஞ்ச நேரத்தில் கால் மேல் கால் போட்டார். பிறகு கால் மாற்றினார். பிறகு என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

“பாத்ரூம் எந்தப் பக்கம்?” என்று சன்னமாகக் கேட்டார்.

பக்கத்து இருக்கை இளைஞன் ஒரு விபத்துக்கு வண்டி அனுப்பிக்கொண்டிருந்தான். தலையைத் திருப்பாமலே, “வலது பக்கம் ஐயா. பாம்பு போட்டுட்டுப் போங்க, இல்லைன்னா சிவப்பு விழுந்துடும்” என்றான். கேலி இல்லை. அக்கறையாகத்தான் சொன்னான்.

ஐயா பலகையைப் பார்த்தார். கதவைப் பார்த்தார்.

“எப்படிப் போடணும்?” என்று கேட்டார்.

அவருடைய இருக்கையால் யாருக்கும் பிஸி வராது என்று உறுதிப்படுத்திக்கொண்டு, போட்டுக்கொடுத்தார்கள். பச்சை எரிந்தது. ஐயா வேகமாகப் போனார். ஊரில் மேலும் ஒரு பாம்பு.

திரும்பி வந்தவர் உட்காரவில்லை. கூட்ட அறைக்கு வந்து, தீர்மானத்தைத் தானே எழுதினார்: ‘நேரடி ஆய்வில் தெரியவந்த நிலைமைகளைக் கருத்தில் கொண்டு, நிரந்தர நீக்கம் தேவையில்லை, இருக்கை விதியை உடனே விலக்க வேண்டும், பிற இடங்களில் உள்ள இரு பணியாளர்களும் திரும்ப வேண்டும்.’ நிலைமைகள் என்னென்ன என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

ஏப்ரல் 30

இரண்டு நாற்காலிகளின் உறையும் பிரிக்கப்பட்டது. டோக்கன் பெண் முதல் நாளே வேலையைப் பிடித்துக்கொண்டாளாம். பல் டாக்டர் என்னோடு பேசுவதில்லை, இன்னொரு பல் ஆடுகிறது, யாரிடம் காட்டுவது என்று தெரியவில்லை. பெரியக்காவுக்குக் கண்டிப்புக் கடிதம், மறுபடி வேலை. மைத்துனனைப் பூங்காப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள்.

கவுண்டர் பெண்ணுக்கு நகராட்சியின் பதில் என் கையெழுத்துக்கு வந்தது: ‘தாங்கள் குறிப்பிட்ட நேரத்தில் தொழில்நுட்பக் காரணங்களால் இணைப்பு கிடைக்கவில்லை.’ கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பினேன். அவர்கள் வேறு யாரிடமாவது வாங்கிக்கொள்வார்கள்.

மே 4

மைத்துனனும் குடும்பமும் வந்தார்கள். என்னிடம் பேசவில்லை. ஆனால் சாப்பாடு ஆனதும் அக்கா வீட்டு சோபாவிலேயே படுத்து வாய் பிளந்து தூங்கினான். “எத்தனை மாசமாச்சு தெரியுமா அவன் இப்படித் தூங்கி” என்று மனைவி மெதுவாகச் சொன்னாள். என்னிடம்தான் சொன்னாள்.

மே 6

பேருந்து நிலையம் போனேன். வரிசையில் நின்று கவுண்டருக்கு வந்தேன். மாற்று ஆள் வரவில்லை, இப்படியே சொல்லுங்கள் என்றாள். பின்னால் ஆட்கள். கம்பி வழியாகச் சொன்னேன். லாரியைச் சொன்னேன், பலகையைச் சொன்னேன், ஆள் இல்லாத இரண்டு நாற்காலிகளைச் சொன்னேன், அவை யாருக்காகக் காலியாக இருந்தன என்றும் சொன்னேன். நான்காவது லைனில் யாருமே இல்லை, உங்கள் போனை எடுத்த அதே அம்மாதான் அந்த நேரம் சாப்பிடப் போயிருந்தார் என்றேன். பாம்பையும் சொன்னேன். சிரிப்பு வரும் இடம்தான். இரண்டு பேருக்கும் வரவில்லை.

நடுவில் இரண்டு பேருக்கு டிக்கெட் கிழித்துக் கொடுத்தாள். சில்லறை எண்ணினாள். பிறகு கேட்டாள்:

“அவங்க சாப்பிட்டாங்களா?”

கோபத்தில் கேட்கிறாளா, வேறு எதிலாவதா? முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“தெரியலம்மா.”

“கேட்டுச் சொல்லுங்க.”

மே 9

பெரியக்காவைக் கேட்டேன். ஞாபகப்படுத்திப் பார்க்க வேண்டியதே இல்லை, தினமும் நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தது.

“இல்ல சார். முதல் வாய் எடுத்தேன். உள்ளே எல்லார் குரலும் ஒரே நேரத்துல கேட்டுச்சு. எல்லா லைனும் ஓடுதுன்னு புரிஞ்சுது. அப்படியே போட்டுட்டு ஓடி வந்தேன்.”

அங்கிருந்து நேராகப் பேருந்து நிலையம். மதியம், நல்ல கூட்டம். என் முறை வந்ததும் அப்படியே சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை.

“ஓடி வந்தாங்களா” என்றாள்.

“ஆமாம்மா.”

எனக்குப் பின்னால் நின்ற கிழவருக்கு ஒரு டிக்கெட் கொடுத்தாள். பிறகு ‘மூடப்பட்டுள்ளது’ அட்டையை எடுத்து ஜன்னலில் வைத்தாள். கைக்குட்டையை மடியில் விரித்து, பையிலிருந்து டப்பாவை எடுத்துத் திறந்தாள். கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. துடைக்காமல் சாப்பிட்டாள்.

வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது. “இந்த நேரத்துல மூடினா எப்படி? யாருமே கேட்கிறதில்ல!” ஒருவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். “நீங்க கவுன்சிலர்தானே? என்னன்னு கேளுங்க சார்!”

“கேட்டாச்சு. சாப்பிடறாங்க” என்றேன். நானும் வரிசையில் நின்றேன்.